களவெட்டிக்கு வந்த கொழும்பு அதிகாரி

"என்ர மனிசனை இந்தியாவுக்கு ஏத்தப்போறாங்களாம், ஐயா."

1965 மாசியில் ஒரு காலை, மட்டக்களப்பு வழக்கறிஞர், பிரக்கிராசி டொமினிக்கின் அறையில் நின்று உன்னிச்சை ஊர் அஞ்சலா சொன்னாள். அழவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கணவன் லூர்து இந்திய வம்சாவளியான், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவன். வயல் அவளுடைய சீதனம். கொழும்பு அதிகாரி ஒருவர் வந்தாராம். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் செய்தாயிற்று, லூர்து போயே ஆகவேண்டும், கூடப் போவதானால் வயலை விற்றுவிடு என்றாராம். வாங்குவதற்கு ஊரின் பெரிய காணிக்காரர் வினாயகமூர்த்திப் போடியார் தயார். அன்று பின்னேரமே காணி உறுதி எழுதப்போகிறார்கள்.

"அந்த அதிகாரி எப்பிடி ஆள்?" என்றார் டொமினிக்.

"மரியாதையான மனிசன், ஐயா. களவெட்டியில நெல்லுச் சூடடிக்கக்குள்ள வந்தார். ஓரத்திலயே சப்பாத்தைக் கழட்டி, குடையையும் சுருக்கிப்போட்டுத்தான் குவிச்சிருந்த நெல்லுப் பொலிக்குக் கிட்ட வந்தார். அதாலதான் நம்பினம்."

குமாஸ்தா பற்றிக்குக்கு அதில் எதுவும் தட்டுப்படவில்லை. போடியார்மேல் ஆத்திரம் மட்டும் பொங்கியது.

பின்னேரம் போடியார் வீட்டு விறாந்தையில் அந்த அதிகாரியும் இருந்தார். டொமினிக், பற்றிக், அஞ்சலா மூவருக்கும் போடியார் கதிரை காட்டவில்லை.

"ரெண்டு பிரதமர் வச்ச கையெழுத்தை நீர் அழிக்கப்போறீரோ, பிரக்கிராசியார்?"

"ஏன் அழிக்க? அது கொழும்பும் டெல்லியும் பேசின பேரம். ஒராள் சொல்லு மாறினா மற்றாள் சண்டை பிடிக்கலாம். அதைக் காட்டி லூர்துவை ஏத்திறதெண்டா, நம்மட நாட்டில அதுக்கெண்டு சட்டம் வேணும். இன்னும் போடேல்ல. இனிப் போடவும் பாராளுமன்றமே மார்கழியோட கலைஞ்சு கிடக்கு. இவர் எந்தச் சட்டத்தில வந்தவர்?"

அதிகாரி கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "மேலிடத்து உத்தரவு. நான் இந்தப் பக்கம் வாறதே இதுதான் முதல் தரம்."

"அப்பிடியோ? பொலிக்குக் கிட்ட சப்பாத்தும் குடையும் ஆகாதெண்டு கொழும்புக் கந்தோரில படிப்பிக்கிறாங்களோ, தம்பி? கொழும்பான் மிதிச்சுக்கொண்டு போயிருப்பான். உம்மட கால் வயல் வட்டையில வளர்ந்த கால், கேளாமலே கழட்டிப்போட்டுது. வயல் ஆருக்குப் போகுதோ, அவர்தான் உம்மை அனுப்பினவர்."

அதிகாரியாய் வந்த இளைஞன் போடியார் பக்கம் திரும்பினான். "மாமா, நான் அப்பவே வேணாமெண்டன்!"

பற்றிக் சிரித்தே விட்டான். போடியார் எழுந்தார்.

"சட்டம் ஒரு நாளைக்கு வரும்டி. அண்டைக்கு உன்ர தோட்டக்காட்டான் கப்பல் ஏறுவான்."

வரக்கூடியதுதான் என்று டொமினிக்கின் முகத்தில் பற்றிக் கண்டான். சிரிப்பு நின்றுபோயிற்று.

அஞ்சலா விறாந்தையை விட்டு இறங்கினாள்.

"வாற அண்டைக்கு வந்து சொல்லுங்க, போடியார். இண்டைக்கு உங்கட மாடு என்ர வரம்பில கால் வச்சா, பிடிச்சுக் கட்டிப்போட்டுத்தான் ஆளனுப்புவன்."