பின்னால் நீட்டிய கை

சுனாமி நினைவகம் இன்றைக்குத் திறந்திருக்குமா என்று கேட்கத்தான் கலைப்பிரியா போன் செய்தாள். எடுத்தவள் முதலில் "புள்ள வருதா?" என்று கேட்டாள்.

"வருதுங்க. எம் பொண்ணு. அவளுக்காகத்தான் வர்றோம்."

"எத்தினி வயசு?"

"எட்டு."

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அடுத்த கேள்வி வந்தது.

"உங்க ஊரு கடலுக்குக் கிட்டயா?"

"திண்டிவனம்ங்க. எங்க ஊர்ல ஏது கடலு?"

"நல்லதாப் போச்சு. வாங்க. தொறந்துதான் இருக்கும்."

கலைப்பிரியா ஒரு சந்தேகப் பிராணி. வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, அளக்கிற படியின் அடியைத் தட்டிப் பார்ப்பாள், பள்ளிக்கூட வேன் டிரைவரின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். "உன்ன போலீஸ்ல சேத்திருக்கணும்" என்று கணவன் வேங்கடேசன் கேலி செய்வதுண்டு. போனில் பேசியவள் பிள்ளையின் வயதைக் கேட்டதும் அவளுக்குள் முள்ளாகக் குத்தியது. ஆனால் மூன்றாம் வகுப்பு டீச்சர், சுனாமி நினைவிடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பேசச் சொல்லியிருந்தார். மிதுனா ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தாள். முந்தாநாள்தான் அவளுக்கு மேல் முன்பல் விழுந்து கூரைமேல் வீசியிருந்தார்கள். 'சுனாமி' என்று சொல்ல வாயெடுத்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்றுதான் முதலில் வரும். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

மரக்காணத்தில் பஸ் மாறி, கடற்கரைச் சாலையில் ஒரு மீனவக் குப்பத்தின் நிறுத்தத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நினைவகம் என்பது கடலைப் பார்த்து நின்ற ஒற்றை அறைக் கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், பினாயிலும் ஊதுவத்தியும் ஈரச் சுவரும் கருவாடும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. மணல் ஏறிய தையல் மிஷின், நசுங்கிய சோற்றுக் குண்டான், ஒற்றைக் கொலுசு எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. சுவர் முழுக்க இறந்தவர்களின் படங்கள், ஒவ்வொரு கண்ணாடியிலும் குங்குமப் பொட்டு. அலைச் சத்தம் சன்னல் வழியாக வராமல் சுவருக்குள்ளிருந்தே வருவது போலிருந்தது.

சாவி வைத்திருந்தவள் பெயர் வீரம்மாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். காலையில் மீன் விற்பவள், மத்தியானத்துக்கு மேல் இங்கே. இவர்கள் வந்ததிலிருந்து அவள் கலைப்பிரியாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மிதுனாவைத்தான் பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாள், மஞ்சள் கவுனைப் பார்த்தாள், பின்னலைப் பார்த்தாள். துணிக்கடையில் அளவு பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கலைப்பிரியா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். கழுத்துச் சங்கிலியைப் புடவைக்குள் தள்ளிவிட்டாள். அன்பளிப்பு கேட்பாளோ, படம் எடுத்து எங்காவது போடுவாளோ என்று மனம் ஓடியது.

"இது யாரு?" என்றாள் மிதுனா.

ஒரு சிறுமியின் படம். வெள்ளைக் கவுன், ரெட்டைப் பின்னல், ரிப்பன் எல்லாம் தெளிவாக இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உப்பு பூத்த வெள்ளைத் திட்டு.

வீரம்மாள் துண்டை எடுத்து அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். துணி கண்ணாடியில் கிறீச்சென்றது. "அருணா. எம் பொண்ணு. ஒன்னாட்டம்தான் எட்டு வயசு."

"மூஞ்சி இன்னா ஆச்சு?"

"தண்ணி எடுத்துக்கினு போயிடுச்சு. வேற போட்டோ கெடையாது கண்ணு. எனக்கே இப்ப மறந்துபோச்சு."

கலைப்பிரியா கைப்பையின் பிடியைத் தளர்த்தினாள். இருபது வருடத்துக்கு மேலாகப் பெற்ற பிள்ளையின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கிறவளைப் போய்த் திருடியாக நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. போனில் வயசைக் கேட்டது அதனால்தான். பாவம்.

கிளம்பும்போது மிதுனா படங்களைப் பார்த்துக் கைகூப்பி, வீட்டில் பழக்கியிருந்தபடி, "போய்ட்டு..." என்று ஆரம்பித்தாள். வீரம்மாள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"எழவு வூட்ல சொல்லிக்கினு போவக் கூடாது இல்ல. இதுவும் அப்படித்தான்."

கலைப்பிரியா தலையாட்டினாள். துக்க வீட்டில் விடைபெறாமல் வர வேண்டும், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பது அவளும் அறிந்ததுதான். மாமனார் காரியத்தில்கூட வாசலில் நின்று எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். எதையும் தட்டிப் பார்க்கிறவள் இதை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

"வழி குறுகல், வலையெல்லாம் கெடக்குது. நீங்க முன்னால போங்க. கைய மட்டும் பின்னால நீட்டுங்க, புள்ள புடிச்சிக்கினு வரும். ரோடு வர்ற வரைக்கும் திரும்பாதீங்க."

கலைப்பிரியா படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மிதுனா செருப்பு போடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்னக் கை அவள் விரல்களைப் பற்றியது. சில்லென்று இருந்தது.

வலைகளுக்கும் கவிழ்த்த படகுகளுக்கும் நடுவே நடந்தார்கள். பின்னால் கதவுக்குத் தாழ் போடும் சத்தம் கேட்டது. கடல் காற்று முதுகைத் தள்ளியது. பாதி வழியில் எங்கோ தூரத்தில் ஒரு பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டது. கலைப்பிரியாவின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. அடக்கிக்கொண்டாள். குப்பத்தில் எத்தனையோ பிள்ளைகள். தன் பிள்ளைதான் கையில் இருக்கிறதே. அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரோட்டுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள். மிதுனாதான். அதே மஞ்சள் கவுன், அதே பின்னல், நெற்றியில் காலையில் வைத்த அதே ஸ்டிக்கர் பொட்டு. காலில் மட்டும் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கடி?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மரக்காணத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்கு மாறும்போது பொழுது மங்க ஆரம்பித்திருந்தது. சன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற பெண் இன்று உள்பக்கமாக ஒண்டி உட்கார்ந்தாள். உப்பளங்களில் தேங்கிய தண்ணீர் கடைசி வெளிச்சத்தில் தகரமாக மின்னியபோது முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. கலைப்பிரியா முகர்ந்து பார்த்தாள். உப்பு வாடை, அதற்கடியில் பழைய சேற்று வாடை.

"கடல்கிட்ட போனியா? எப்ப போன?"

இன்னும் ஒண்டிக்கொண்டாள். வரும்போது வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசி வந்தவள். பயந்துவிட்டாள் என்று கலைப்பிரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தனை சாவுப் படங்களைப் பார்த்தால் எந்தப் பிள்ளைதான் பயப்படாது? டீச்சரைச் சொல்ல வேண்டும். ஆனாலும் உள்ளே எதுவோ கிடந்து அரித்தது. பஸ் நகர்வதற்கு முன்பே சன்னலோரம் வந்தவரிடம் வேகவைத்த மல்லாட்டை வாங்கியிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். பல் விழுந்ததிலிருந்து மிதுனா எதையும் கடைவாயில் ஒதுக்கித்தான் கடிப்பாள். மல்லாட்டையை அம்மாதான் உரித்துக் கொடுக்க வேண்டும்.

இவள் தோலோடு எடுத்தாள். முன்பல்லில் வைத்தாள்.

கடக்.

கலைப்பிரியாவின் கை பொட்டலத்திலேயே நின்றது.

இன்னொன்று எடுத்தாள். கடக்.

"வாயைத் தொற."

கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். சில்லென்ற கன்னம். போன் வெளிச்சத்தைக் காட்டினாள். மேல் வரிசை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓட்டை இல்லை. எல்லாப் பல்லும் இருந்தது.

கையிலிருந்த போன் அடித்தது. காலையில் பேசிய அதே நம்பர்.

"பஸ் ஏறிட்டீங்களா?" என்றாள் வீரம்மாள். குரல் குழைந்திருந்தது, அழுது முடித்த குரல். "சாப்புட்டாளா?"

"யாரு?"

"மல்லாட்டை வாங்கிக் குடுங்க. உசுரு அவளுக்கு. தண்ணி பக்கம் மட்டும் கூட்டிக்கினு போவாதீங்க. பயந்துக்கும்."

"எம் பொண்ணு எங்க?"

"இங்கதான் இருக்குது. பயப்படாதீங்க." துணி கண்ணாடியில் தேயும் சத்தம் போனில் கேட்டது. கிறீச். கிறீச். "இப்ப மூஞ்சி பளிச்சினு தெரியுது. முன்பல்லு ஒண்ணு இல்லாம அழுதுக்கினு இருக்குது. போவப் போவ சரியாயிடும். நான் தெனம் தொடச்சி வெக்கறேன்."

போன் நின்றுவிட்டது.

கத்த வாய் திறந்தாள். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் பொண்ணும். வேறு யாருக்கு என்ன தெரியும்?

பாதி வழியில் கேட்ட அந்த "அம்மா".

கலைப்பிரியா சீட்டிலிருந்து எழுந்து, பின் கண்ணாடி வழியாக, போய்க்கொண்டேயிருக்கும் ரோட்டை, உப்பளத்தை, அதற்கும் அப்பால் கடல் இருக்கும் இருட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சின்னக் கை அவள் தாடையைத் தொட்டது. ஈரக் கை. மெதுவாக, பிடிவாதமாக, அவள் முகத்தை முன்பக்கமாகத் திருப்பியது.

"திரும்பிப் பாக்கக் கூடாதும்மா" என்றாள் அவள். சொல்லில் காற்று கலக்கவே இல்லை. பிறகு மல்லாட்டை ஒன்றைத் தன் பல்லால் உடைத்து, பருப்பை எடுத்து, அம்மாவின் வாயில் வைத்தாள்.