தாரால் ஒட்டிய இரண்டு கிண்ணங்கள்

மார்ச் 14. ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. வாயோடு வாய் பொருத்தித் தாரால் ஒட்டியிருந்த இரண்டு மண்கிண்ணங்களை, படம் எடுக்காமலே, உப்பு இறங்குவதற்காக நேற்றுத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் தார் விட்டுப் போய் இரண்டும் தனித்தனியே கிடந்தன. மற்ற பானை ஓடுகளைப் போலத்தான் இதுவும் என்று நினைத்தது என் தவறு.

பேனாவை மூடிவிட்டு சர்மத் எழுதியதை இன்னொரு முறை படித்தான். பழைய நகரம் புதைந்து கிடக்கும் நிப்பூர் மேட்டில் தோண்டி எடுப்பவற்றைக் கழுவி எண் போடுவது அவன் வேலை. பொருள்களை வைப்பதற்கு பக்கத்து ஊரான அஃபக்கில் உள்ள தன் வீட்டின் முன்னறையையே கொடுத்திருந்தான். அந்தக் காலத்து மனிதர்கள் பேயைப் பிடித்து, கிண்ணத்துக்குள் கவிழ்த்து, வாசற்படியின் கீழ் புதைத்தார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். வேலை மும்முரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மணி நாலுதான். ஆனாலும் புழுதிப்புயல் ஜன்னலைச் செம்மஞ்சளாக அடைத்து, மின்சாரமும் போய், அறை முழுக்க நனைந்த மண்ணும் பழைய தாரும் கலந்த வாடை, யாரோ ஈரத் துணியோடு பக்கத்தில் நிற்பதுபோலக் கனத்துக் கிடந்தது.

மனைவி ரபாப் கதவோரம் வந்து நின்றாள். மகள் நவார் பிறந்ததிலிருந்து அவனை 'அபூ நவார்', நவாரின் அப்பா, என்றுதான் கூப்பிடுவாள்.

"அபூ நவார், மாடில காயுற துணியெல்லாம் மண்ணாகுது. நான் போய் எடுத்துட்டு வரேன். பிள்ளைகிட்ட போய் உக்காரு."

"இதோ போறேன்."

"இதோன்னா இப்பவே. நாப்பது நாள் ஆகாத பிள்ளையை ஒத்தையா விடக் கூடாது. அந்தக் கிண்ணம் ஆயிரத்தைந்நூறு வருஷம் காத்துக் கிடந்துச்சு, இன்னும் பத்து நிமிஷம் காக்காதா?"

சிரித்துக்கொண்டே படியேறிப் போனாள். சர்மத் எழுந்தான். உட்புறம் எழுத்து இருந்த கிண்ணத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான்.

காலையில் அதைத் திரும்பத் தண்ணீரில் வைக்கும் முன் அவன் எடுத்த படத்தில், சுருள் சுருளாக ஓடும் எழுத்துகளுக்கு நடுவே தலைவிரித்த பெண் ஒருத்தி இருந்தாள். கைகளிலும் கால்களிலும் கயிறு. அந்தப் பழைய எழுத்தை மாலை வகுப்பில் கொஞ்சம் கற்றதை வைத்து அவனால் ஒரு வரியைத்தான் படிக்க முடிந்திருந்தது: இந்த வீட்டுப் பிள்ளைகளை நெருங்காதே.

இப்போது கிண்ணத்தில் எழுத்து இருந்தது. கயிறும் இருந்தது, முடிச்சு அவிழாமல். பெண்ணைக் காணவில்லை.

தண்ணீர் கரைத்திருக்கும் என்று நினைத்தான். படத்தைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று கேமராவை எடுத்துப் பார்த்தான். பார்த்தது சரிதான். மையைக் கரைக்கும் தண்ணீர் கயிற்றை மட்டும் எப்படி விட்டு வைக்கும்?

உள்ளறையில் தொட்டில் கிறீச்சிட்டது. மெதுவாக, ஒரே சீராக. ரபாப் வந்துவிட்டாள் என்று மூச்சு விட்டான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"அட! ஆம்பளைக்குத் தொட்டில் ஆட்டக்கூடத் தெரியுதே!" படியிலிருந்து ரபாபின் குரல். "அப்படியே ஆட்டு, நிறுத்தாதே!"

சர்மத் முன்னறையில் நின்றிருந்தான். கையில் கிண்ணம்.

கிறீச். கிறீச்.

ஓடினான். நடைவழித் தரையில் ஈரம். வெறுங்கால் தடங்கள். உள்ளே போனவை மட்டும்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பிள்ளையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி அப்படியே இருந்தது. ரபாப் மதியம் போட்ட மூன்று முடிச்சுகளும் அப்படியே. ஒன்றுகூட அவிழவில்லை.

தொட்டான். துணி அமுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. சூடு மட்டும் இருந்தது.

பின்னால் ரபாபின் கையிலிருந்து துணிகள் விழுந்தன.

கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். கயிற்றுக்குள் இப்போது ஓர் உருவம் இருந்தது. மிகச் சிறியது. மை இன்னும் காயவில்லை. வாய் திறந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூடித் திறந்தது.

நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் அடியில், கோணலான எழுத்தில் இரண்டு வரிகள் உண்டு.

நாளைய வேலை: கிண்ணத்தை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.
யார் சொன்னாலும் மூடி ஒட்டக் கூடாது. நவார் உள்ளே இருக்கிறாள்.