ஆளில்லா கேட்

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வழக்கம்போல் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். ‘ஆளில்லா ரயில்வே கேட்’ என்று எழுதியிருந்தது. ஆளும் கிடையாது, கேட்டும் கிடையாது. பெயரில் மட்டும் இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வரும் சாலை, போக ஒன்றும் வர ஒன்றுமாகக் கிடந்த இரண்டு தண்டவாளங்களைத் தாண்டிக் குடியிருப்புக்குள் நுழையும் இடம் அது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த ஜல்லியிலிருந்து சூடும் எண்ணெய்ப் பிசுக்கின் வாடையும் எழும்பி வந்தன. காற்று அசையவே இல்லை. தூரத்தில் தண்டவாளம் மெல்ல முனக ஆரம்பித்தது.

அவர் வந்துவிட்டார்.

சாலை நடுவில், வலது கையை உயர்த்தி நின்றார். மங்கிய வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு நின்றது. ரயில் கடந்து போனது. லாரிக்காரர் கியரைப் போட்டார்.

கை இறங்கவில்லை.

“இன்னும் என்னய்யா?” என்று லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். அவர் வாயை மூடுவதற்குள் எதிர்த்திசையிலிருந்து இரண்டாவது ரயில் அலறிக்கொண்டு பாய்ந்தது. அது போனபின் பார்த்தால் சாலையில் யாரும் இல்லை.

“யாரும்மா அந்த ஆளு?” லாரிக்காரர் இறங்கி வந்து கேட்டார்.

“தெரியாதுங்க” என்றாள்.

தெரியாமல் என்ன? போன வருஷம் வரை அவளோடு குடித்தனம் நடத்தியவர். அவளுக்குக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கப் போனார். ஒரு ரயில் போய்விட்டதே என்று வண்டியை எடுத்தார். அடுத்தது வருவதைப் பார்க்கவில்லை.

கணவனைப் பறிகொடுத்தவள் எப்படியும் கேட் வாங்கிக் கொடுத்துவிடுவாள் என்று அந்த வார்டு அவளுக்கு ஓட்டுப் போட்டு நகர்மன்றத்துக்கு அனுப்பியது. அனுப்பிய சில நாட்களிலேயே அவரை இங்கே பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு கேட் விஷயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. கேட் வந்தால் அவர் எதற்கு வருவார்? இருட்டும் நேரத்தில் கிடைக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஒன்றைக் கவனித்திருந்தாள். உயர்த்திய கையின் முழங்கையை அவர் இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

வீட்டில் நாத்தனார் அவளுக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஊரில் பாதிப் பேர் அவரைப் பார்த்தாகிவிட்டது. கூடப் பிறந்தவளுக்கு அடையாளம் தெரியாதா?

“நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க அண்ணி?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அண்ணனுக்குக் கை நடுங்குது.”

“கேட் போட்டா அவர் போயிடுவாருடி.”

“போகட்டுமே அண்ணி. எத்தனை காலம்தான் நிப்பாரு?”

அவள் பாதிச் சோற்றில் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் ஒலிபெருக்கியை விடவே இல்லை. அதனால்தான் ஊரில் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். இருக்கிற பணத்தில் ஊர்ச் சாலையை அகலப்படுத்துவதா, ரயில்வேக்குக் கட்டிக் கேட் போடுவதா என்பதுதான் பேச்சு.

பொறியாளர் எழுந்தார். “போன வருஷச் சம்பவத்துக்கப்புறம் அங்க ஒரு விபத்து உண்டா? கிடையாது. ஜனங்களே கவனமா இருக்காங்க.”

“ஆளே இல்லாம ஒழுங்கா நடக்குற இடத்துக்கு ஆள் எதுக்கு?” என்றார் ஓர் உறுப்பினர். மன்றமே சிரித்தது.

கை தூக்கச் சொன்னார்கள். சாலைக்கும் கேட்டுக்கும் சரிபாதியாகக் கைகள் எழுந்தன. அவள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

தூக்கினாள். கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தது.

“கேட்டுக்கு” என்றாள். “அங்க ஆள் இருக்காரு. ரொம்பக் களைச்சுப் போயிட்டாரு.”

சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. ‘மைக்’ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யார் மனமும் கோணாதபடி ஒரு வழி சொன்னார்: கேட் போடுவோம், ஆள் பகலுக்கு மட்டும், மிச்சத்தைச் சாலைக்கு வைத்துக்கொள்வோம். எல்லோரும் கை தட்டினார்கள். அழுதுகொண்டிருந்த அவளும் தட்டினாள். பகலுக்கு மட்டும் என்றால் என்ன என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கேட் வந்துவிட்டது. பக்கத்தில் தகரம் வேய்ந்த ஓர் அறை, அதில் ஒரு நாற்காலி, ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. திறந்த முதல் வாரம் முழுக்க அவள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு மனசு கேட்காமல் ஒரு சாயங்காலம் போனாள்.

யாரும் இல்லை. ஒரு ரயில் போனது, இன்னொன்றும் போனது. சாலை வெறிச்சென்று கிடந்தது. போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே விம்மி அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

கேட் கீப்பர் அவசரமாக அறையிலிருந்து வெளியே வந்தார். “என்னாச்சும்மா? தண்ணி குடிக்கிறீங்களா?”

“ஒண்ணுமில்லங்க. நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க, இருட்டப் போகுது.”

“கிளம்ப வேண்டியதுதான். அடுத்த ஆள் வரட்டும்னு நிக்கிறேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அடுத்த ஆளா? பகலுக்கு மட்டும்தானே போட்டிருக்கு?”

“அப்படித்தான் சொன்னாங்க. ஆனா தினமும் பொழுது சாய்ஞ்சதும் ஒருத்தர் வந்துடுறாரே. பேச மாட்டாரு. பாவம், விடியுற வரைக்கும் உட்காராம நிக்கிறாரும்மா. நாற்காலியை நகர்த்திப் போட்டாலும் உட்கார மாட்டேங்கிறாரு.” சொல்லிக்கொண்டே அவளுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகைத்தார். “இதோ, வந்துட்டாரு.”

அவள் திரும்பினாள்.

சாலை இருந்தது. தண்டவாளம் இருந்தது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவள் கண்ணுக்கு அங்கே யாரும் தெரியவில்லை.

“நான் வரேம்மா” என்று கேட் கீப்பர் சைக்கிளை எடுத்தார்.

“என்னங்க” என்று அவள் வெறும் சாலையைப் பார்த்துக் கூப்பிட்டாள். “போதுங்க. வீட்டுக்கு வாங்க.”

எங்கோ ஒரு ரயில் கூவியது. ஆளில்லாத அறைக்குப் பக்கத்தில் கேட் இறங்க ஆரம்பித்தது. பாதியில் ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் இறங்கியது.