ஒட்டாத எலும்பு

டிரைவர் கண் விழித்தபோது அவன் வலது முழங்காலுக்குக் கீழே, தையல் தழும்பின் மேல், ஒரு கோழி எலும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டு நாய் கட்டிலில் போட்டுவிட்டுப் போன துண்டு. தட்டிவிட்டான், விழவில்லை. பிடித்து இழுத்தான், தோலோடு பிய்ந்து வந்தது. கருமம், இது வேறயா என்று சலித்துக்கொண்டான்.

லாரி கவிழ்ந்து கால் முறிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எலும்புக்குள் நெடுகக் கம்பி இறக்கியும் முறிந்த எலும்பு ஒட்டவே இல்லை. போன வாரம்தான் டாக்டர் பழைய கம்பியை உருவிவிட்டு, உள்ளே குடைந்து, தடித்த கம்பியாக அடித்து இறக்கினார். ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தவனுக்கு அந்தச் சுத்தியல் அடி பல்லுக்குள் கேட்டது.

"நல்லா உசுப்பி விட்டிருக்கேன். இனி எலும்பு எலும்பைத் தேடிப் போய்ப் பிடிச்சுக்கும், பாருங்க" என்று டாக்டர் சிரித்தார்.

மதியம் மனைவி நான்கு வயது மகளை அவனிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். "அப்பாவைப் படுத்தாதடி வாண்டு. கால் மேல ஏறாத."

"நான் குட்டிதானேம்மா, வலிக்காது."

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போய் விசிறி நின்றதும், அறையில் மருந்து நெடியும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து மூச்சை முட்ட, கட்டுக்கடங்காத தூக்கம் அவனை அமுக்கியது. அந்த மயக்கத்திலும் முழங்காலுக்குள் ஏதோ நறநறவென்று அரைபடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

விழித்தபோது வாண்டு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்னக் கால் அவன் தழும்பின் மேல் கிடந்தது.

மெல்லக் காலை நகர்த்தினான். அவள் காலும் கூடவே வந்தது.

இரண்டுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தான். இடைவெளி இல்லை. தோல்கூட இல்லை. கெட்டியாக, வெதுவெதுப்பாக, எலும்பு.

இழுக்கலாமா? காலையில் பிய்ந்த தோல் நினைவுக்கு வந்தது. ஐயோ, என் பிள்ளை.

"கடிக்காதப்பா" என்று தூக்கத்தில் முனகினாள்.

நறநற. இப்போது அவள் காலுக்குள்.

கதவு திறந்தது. மழையில் பாதி வழியில் திரும்பிய மனைவி, தொப்பலாக நனைந்து நின்றாள்.

"கிட்ட வராத! அவளைத் தொடாத!"

பெற்ற மனம் கேட்குமா? ஓடி வந்து மகளின் கணுக்காலை இறுகப் பற்றி இழுத்தாள். வாண்டு வீறிட்டாள்.

"அவளை விடுங்க!"

"நான் பிடிக்கலடி!"

மனைவி பயந்துபோய்க் கையை எடுக்கப் பார்த்தாள்.

கை வரவில்லை.