ஞாயிற்றுக்கிழமைப் பந்து

பிற்பகல் 2.20. பாசிக்குடா ஹோட்டல் மண்டபம். ஏலம் நடத்தும் றோய் நூறு பேருக்கு முன்னால் மைக்கில் அறிவித்தார்: "ஏழாம் இலக்கப் பந்து போலி. மேசையில இருந்து எடுத்தாச்சு."

ஏழாம் இலக்கம் ஆரையம்பதிக் கேதீஸ்வரியின் பந்து. 1968 கால்பந்து இறுதியாட்டத்தில் கோல் காத்த அவருடைய கணவர் கனகசிங்கம், வென்ற கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது. மனிதர் இப்போது இல்லை. எழுபத்தாறு வயதில், ஊர் கேட்கக் கள்ளி என்று பெயர் வாங்கினால் யாருக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்? கேதீஸ்வரி அழவில்லை, அந்த இடத்தை விட்டு அசையவுமில்லை. அதைப் பார்த்து றோய்க்கே மனம் உறுத்தியது. ஏலம் நாலு மணிக்கு. றொசானிக்கு ஃபோன் போட்டார்.

றொசானிக்குக் காலையில் கிறிஸ்தவக் கோயில் கந்தோரில் அலுவலக வேலை, மாலையில் கால்பந்து நடுவர். யார் வாய் தவறினாலும் விசில் ஊதாமல் விடமாட்டாள். அன்று காலைகூட 1968ஆம் ஆண்டுக் கோயில் அறிவித்தல் புத்தகத்தை ஃபோனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு பூசையை விடியற்காலை ஐந்தரைக்கு வைத்திருந்தார்கள். பாவம் சனம் என்று நினைத்துக்கொண்டாள்.

3.10. மேசையில் இரண்டு பந்துகள். இரண்டும் வார் கட்டிய பழைய தோல். கேதீஸ்வரியின் பந்தில் மையால், 'ஓகஸ்ட் 68, வெள்ளி காலை 9.' மற்றதில், 'ஓகஸ்ட் 68, ஞாயிறு காலை 9.' அது, அதே இறுதியாட்டப் பந்து என்று கால்பந்துக் கழகச் செயலாளர் உதயரூபன் கொண்டுவந்தது. கூடவே ஒரு கடிதமும் இருந்தது.

றோய் வாசித்தார்: "ஞாயிற்றுக்கிழமை கந்தோர் லீவாகையால் காலையிலேயே ஆட்டம். இரண்டுக்கு ஒன்று. பந்தை நான் வைத்துக்கொண்டேன்."

"இது ஆர் எழுதினது?" என்றாள் றொசானி.

"என்ட அப்பா. கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில கிளாக்கர். ஆட்டம் முடிஞ்சு அந்தக் கிழமைக்குள்ளேயே எழுதி வெச்சவர்," என்றார் உதயரூபன்.

"நீங்க ஒண்டும் சேர்க்கல்லியா?"

"ஒரு எழுத்தும் இல்ல."

"அப்ப அம்மாட பந்து ஏன் போலி?"

"வெள்ளிக்கிழமை காலமை ஒம்பது மணிக்கு ஆர் பந்தடிப்பான்? ரெண்டு டீமும் கந்தோர்க்காரரும் வாத்திமாரும்!"

றொசானி திரும்பினாள். "அம்மா?"

"வெள்ளி எண்டுதான் அவர் சொன்னவர். நான் அப்ப கலியாணம் முடிக்கல்ல. எங்கட வீடு வாவியில மீன் பிடிக்கிற வீடு, மகள். எங்களுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்."

ஐந்தரை மணிப் பூசை றொசானியின் நினைவில் வந்து நின்றது. ஃபோனை எடுத்துத் தேடினாள்.

3.40. ஓகஸ்ட் மாத அறிவித்தல் படத்தைப் பெரிதாக்கி றோயிடம் நீட்டினாள். அவர் வாசித்தார்: "ஞாயிறு பூசை ஐந்தரைக்கு, கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிந்தாமல் போகலாம். வெள்ளி போயா விடுமுறை. காலை ஒன்பதுக்குக் கால்பந்து இறுதியாட்டம்."

"ஞாயிறு கந்தோரா?" என்றார் றோய்.

"ஓம் அண்ணன். அறுபத்தாறில இருந்து எழுபத்தொண்டு வரைக்கும் ஞாயிறு வேலை நாள். நிலாக் கணக்குப் போயாதான் வாராந்த லீவு. பௌர்ணமி மட்டுமில்ல, மாசத்தில நாலு போயா."

உதயரூபன் அவசரமாகக் குறுக்கிட்டார். "அப்பா வயசுபோய் மறந்து..."

"அந்தக் கிழமையே எழுதினதெண்டு நீங்கதானே சொன்னீங்க? அந்த ஞாயிறு ஒம்பது மணிக்கு உங்கட அப்பா கச்சேரிக் கதிரையில இரிந்திரிப்பார். அவருக்கு இந்தப் பிழை வராது. பிறகு பிறந்தவருக்குத்தான் வரும். கடிதத்தை எழுதினது நீங்கதான், உதயன் அண்ணன்."

உதயரூபன் கடிதத்தை எடுக்கக் கை நீட்டினார். றோய் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க அம்மா. பந்தை மேசையில வெக்கிறன்."

"பந்து கிடக்கட்டும் தம்பி," என்றார் கேதீஸ்வரி. "முதல்ல மைக்கை எடுங்க. மைக்கில சொன்னத மைக்கிலயே திருப்பிச் சொல்லுங்க. என்ட மனுசன்ட பேரோட."

3.55. கோல்காரர் கனகசிங்கத்தின் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது. கேதீஸ்வரி முன்வரிசையில் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இப்ப விலையைக் கேளுங்க," என்றார்.