ஒன்பதாவது பிளாப்பி

ஏழு பிளாப்பி போதும் என்று கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார் ரெக்கார்டு கிளார்க். ஆஸ்பத்திரியின் இறப்புப் பதிவேடு மொத்தமும் ஒரே ஃபைல். ஒரு பிளாப்பியில் அடங்காத அந்தப் பூதத்தைத் துண்டு போட்டு, மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழாவதும் நிரம்பியது. கம்ப்யூட்டர் எட்டாவதைக் கேட்டது.

அவருக்குச் சலிப்புதான் வந்தது. மனைவி மாடியில், பதினாலாம் கட்டிலில், காய்ச்சலோடு கிடக்கிறாள். மூன்று இரவாக வார்டு பெஞ்சில் கொட்டக்கொட்ட விழித்திருந்துவிட்டுப் பகலில் இங்கே வந்து பிளாப்பி மாற்றுகிற பிழைப்பு. கணக்குப் பிசகியிருக்கும் என்று எட்டாவதைச் செருகினார். டிரைவ் கரகரவென்று, சளி கட்டியவர் மூச்சு விடுவதுபோல், நெடுநேரம் இழுத்து இழுத்து எழுதியது. சூடான பிளாஸ்டிக் வாடையோடு மாடி வார்டின் பினாயில் வாடையும் வந்தது. பிறகு ஒன்பதாவதைக் கேட்டது.

எட்டாவதைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். எல்லாம் இன்றைய தேதி. இன்று அவர் ஒரு பெயரைக்கூட ஏற்றவில்லை. மாடி வார்டு, பதினோராம் கட்டில். பன்னிரண்டாம் கட்டில். அந்த இரண்டு பேரையும் தள்ளுவண்டியில் இறக்கியதைச் சற்றுமுன் அவரே பார்த்திருந்தார். கடைசி வரியில் பதின்மூன்றாம் கட்டில், நேரம் ஐந்து பத்து. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து எட்டு.

இரண்டு நிமிடம் கழித்து மாடியில் யாரோ ஓவென்று அழுதார்கள்.

அடுத்தது பதினாலு. பிளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை. பிளாப்பி கொடுத்தால்தானே எழுதும். மிச்சத்தையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். பயமாக இருந்தது.

மாடி வார்டு நர்ஸ் வந்தாள். "சார், உங்க பிளாப்பிய அக்கா தலைமாட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

அவர் அங்கே எதையும் கொண்டுபோனதில்லை.

"அவ எப்படிம்மா இருக்கா?"

"இப்பதான் காய்ச்சல் விட்டுச்சு. நல்லா தூங்குறாங்க."

அவருக்குக் கண் கலங்கியது. ஒரு நொடி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டர் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் செருகிவிட வேண்டும். அவரே எல்லோருக்கும் பழக்கிய உதவி. கையிலிருந்த பிளாப்பியைச் செருகினாள். பொத்தானைத் தட்டினாள்.

டிரைவின் விளக்கு எரிந்தது.

பாய்ந்துபோய் இழுத்தார். வரவில்லை. உள்ளேயிருந்து ஏதோ கெட்டியாகப் பிடித்திருந்தது. டிரைவ் எழுதியது. விரலுக்குள் பிளாப்பி மனைவியின் நெற்றியைப்போல் கொதித்தது.

பிறகு மெல்ல மெல்ல ஆறத் தொடங்கியது.