பதினொரு மணி மாத்திரை

"பையா… கிட்வாய் நகர்."

இரண்டு குரல்கள்… ஒரே ஆட்டோ… ஓயாத ஆகஸ்ட் மழை.

மத்திய செயலக மெட்ரோ நிலையத்தின் வாசல். திங்கட்கிழமை மாலை ஏழு மணி. ஆட்டோவின் முன்கம்பி அகல்யாவின் கையில். பின்கம்பி ஓர் இளைஞனின் கையில். அவனுடைய மறுகையில் ஆளையே சாய்க்கும் கனத்தில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

"நான்தான் முதலில் கூப்பிட்டேன்," என்று ஹிந்தியில் சொன்னவள், அவனுக்குப் புரியாது என்ற துணிச்சலில் தமிழில் முணுமுணுத்தாள். "பக்கெட்டத் தூக்கிட்டு வந்து நிக்குது பாரு, பால்காரன் கணக்கா…"

"பால் இல்லைங்க. மாவு," என்றான் அவன், தமிழில். "இட்லி மாவு. என்னைத் திட்டுங்க, பக்கெட் என்ன பண்ணிச்சு?"

அகல்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் இமைகளில் மழைத்துளிகள் விழ மனமின்றித் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கண்களில் கோபம் இல்லை. குறும்பு மட்டும் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைத் தந்தது.

ஓட்டுநருக்கோ இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறீர்கள், ஏறுகிறீர்களா, நான் கிளம்பட்டுமா என்றார். ஏறினார்கள். நடுவே பக்கெட், வேலியாக, காவலாக. முதல் வேகத்தடையில் அந்த வேலி சரிந்தது. மூடி தெறித்தது. வெள்ளை மாவு வழிந்து அகல்யாவின் மடியில் இருந்த பழுப்பு உறையை நனைத்தது.

"ஐயோ, சாரி, சாரி… ஏதாவது ஆபீஸ் ஃபைலா?"

"எங்கம்மாவோட எக்ஸ்ரே."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஓர் எக்ஸ்ரேவுக்காக யாராவது அழுவார்களா? அவள் அழுதது ஒரு வாரத்துக்காக. குளியலறையில் வழுக்கி விழுந்த தாய் சந்திரம்மாளின் முழங்காலில் உலோகத் தகடு. சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிட்ட அறுவைச் சிகிச்சை. கோவையில் பொறியியல் படிக்கும் தம்பி வெங்கிக்கு வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டிய பருவக் கட்டணம். அமைச்சகத்திலோ நாடாளுமன்றக் கூட்டத்தொடர். மந்திரி அவையில் எழுந்து நின்று சொல்ல வேண்டிய பதில்களை இரவு பகலாகத் தயாரிக்கும் பிரிவில் அவள் உதவி அலுவலர். "ஹவுஸ் நடக்கறச்சே லீவுங்கற வார்த்தையே வாயில வரப்படாது," என்று அன்று காலைதான் மேலதிகாரி ராமசுப்ரமணியன் சொல்லியிருந்தார்.

பெண்ணும் சம்பாதிக்கலாம் என்று இந்த நாடு ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் அந்தச் சம்பளத்தோடு சமையலையும் சுமக்க வேண்டும், சரிந்த குடும்பத்தையும் தாங்க வேண்டும், அத்தனைக்கும் நடுவே சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதியது யார்? எவர் எழுதினால் என்ன… கையெழுத்துப் போட்டவர்களின் வரிசையில் அகல்யாவும் ஒருத்தி.

அவன் கைக்குட்டையால் உறையைத் துடைத்தான். எக்ஸ்ரேயை உருவித் தெருவிளக்கின் ஒளியில் பிடித்துப் பார்த்தான். வைத்தியனுக்கே உரிய கம்பீரத்தோடு தலையசைத்தான்.

"டீக் ஹை, ஸ்குரூ எல்லாம் சரியா இருக்கு. மாவு முட்டிக்குள்ள போகலை."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் பெயர் பிரதீப். டில்லியில் பிறந்தவன், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. கரோல் பாக்கில் வாடகைக்கு ஒரு சிறிய மாவுக் கடை. பழுதான ஸ்கூட்டர் இரண்டு நாளாகப் பட்டறையில்; அதனால் அன்று மாவு வந்து சேர மாலையாகிவிட்டது. குற்ற உணர்ச்சியோடு இரண்டு மாடி ஏறிவந்து சந்திரம்மாளிடம் மன்னிப்புக் கேட்டான். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளுக்குத் தினமும் காலை பதினொரு மணிக்கு மாவு கொண்டுவருபவனே அவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பதினோரு மணிக்கா?" சந்திரம்மாள் மகளைப் பார்த்தாள். பதினொரு மணிக்குத்தான் சந்திரம்மாளை எழுப்பிச் சாய்த்து உட்கார வைத்து, கஞ்சி ஊற்றி, மாத்திரை கொடுக்க வேண்டும். பகலில் ஓர் ஆயா வைக்கலாம். வைத்தால் வெங்கியின் கட்டணம் கட்ட முடியாது. கட்டணம் கட்டினால் ஆயா கிடையாது. "கோவிந்தம்மாகிட்ட சாவி இருக்கு தம்பி. அவங்களால என்னைத் தூக்க முடியாது. நீங்க ஒரு அஞ்சு நிமிசம்…"

"அம்மா," என்று அதட்டினாள் அகல்யா.

"அச்சா ஆண்ட்டி, வந்துடறேன்," என்றான் அவன், அதட்டல் காதில் விழாதவன் போல.

மறுநாள் காலை பதினொன்று ஐந்துக்கு அலுவலக நடைவழியின் கோடியில் நின்று அகல்யா தொலைபேசியில் அழைத்தாள்.

"மாத்திரை குடுத்தாச்சா பையா?"

"குடுத்தாச்சு. ஒண்ணு கேக்கலாமா? ஆட்டோக்காரரும் பையா, நானும் பையாவா?"

"இந்த ஊர்ல எல்லாரும் அண்ணந்தானே. தமிழ்லயும் அது சின்னப் பையனைக் கூப்பிடறது. உங்களுக்கு ரெண்டும் பொருந்துது."

"எனக்கு இருபத்தொன்பது வயசுங்க."

"எக்ஸ்ரேல தெரியல."

புதன்கிழமை அவனே முந்திக்கொண்டு அழைத்தான். சந்திரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தாளாம். அந்த நான்கு அடியை அவன் நாற்பது முறை வருணித்தான். வியாழனன்று எதுவும் வருணிக்க இல்லாமலே பேச்சு நீண்டது. மந்திரி மறுநாள் சொல்ல வேண்டிய பதிலில் "இல்லை" என்ற இடத்தில் "ஆம்" என்று தட்டச்சு செய்து, ராமசுப்ரமணியனின் கண்ணாடிக்கு மேலான பார்வைக்கு ஆளானாள் அகல்யா. வெள்ளிக்கிழமை வெங்கியின் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கையில் மிஞ்சியதைப் பார்த்தாள். பேருந்துக்கும் காய்கறிக்கும் போதும். ஆயாவுக்குப் போதாது. ஆனாலும் ஏனோ பயமாக இல்லை… ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளத்தான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அலுவலகம் இல்லை. காலையில் காபியோடு வந்த மகளை அருகில் உட்காரச் சொன்ன சந்திரம்மாள், தலையணைக்கு அடியிலிருந்து சிவப்பும் பொன்னுமாக ஒரு கயிற்றை எடுத்தாள்.

"இன்னிக்கு ராக்கியாம். கோவிந்தம்மா வாங்கியாந்து குடுத்தாங்க. ஒத்தைக்கு நிக்கிற பொம்பளைங்க வீட்டுல வயசுப் பையன் வந்து போறான்னு நாலு பேரு பேசுறாங்களாம். அந்தத் தம்பி கையில இதைக் கட்டிரு. எல்லாரு வாயும் அடைஞ்சிரும். நேத்தே அவங்கிட்ட சொல்லிட்டேன், மறக்காம வந்துரணும்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"அச்சா ஆண்ட்டின்னுச்சு."

அகல்யா கயிற்றை வாங்கிக்கொண்டாள். நான்கு பேரின் வாயை அடைக்க ஒருத்தியின் இதயத்தைக் கட்ட வேண்டுமா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டிவிட்டால் என்ன? அம்மாவுக்கு நிம்மதி. வெங்கியின் மீதி இரண்டாண்டுப் படிப்புக்குப் பங்கம் இல்லை. அவனும் வருவான், போவான்… அண்ணனாக. தட்டில் குங்குமமும் கயிறும் எடுத்து வைத்தாள்.

பதினொன்று அடித்தது. அவன் வரவில்லை. பன்னிரண்டும் ஆனது. மாத்திரையை அவளே கொடுத்தாள். அவன் கைப்பேசி அணைந்து கிடந்தது. கோபித்துக்கொண்டானா? அலுத்துப் போனானா? நான்கு நாள் உதவியை ஆயுளுக்கும் நீளும் என்று நம்பிய தன் பேதைமைதான் என்ன…

கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தாள். வாசலில் பக்கெட் இருந்தது. தூக்கி வந்தவர் வேறு. நரைத்த கூந்தலை இறுக முடிந்த ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"நீதான் அகல்யாவா? நான் உஷாராணி, பிரதீப்போட அம்மா. உன்னால இன்னிக்கு நாப்பது வீட்டுக்கு நான் மாவு தூக்கறேன். கொஞ்சம் தண்ணி குடும்மா."

தண்ணீர் குடித்து முடித்தவரின் பார்வை மேசைமேல் இருந்த தட்டில் விழுந்தது.

"ஓ… இதுதானா அது."

"அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் அகல்யா.

"உடம்புக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான். கடை ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்திருக்கான். உனக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது போல. மனசுக்குப் புடிச்ச பொண்ணு ராக்கியோட வரான்னு தெரிஞ்சா, இங்க பொறந்த பசங்க அன்னிக்கு வெளியவே வர மாட்டானுங்க. காலேஜ்ல பாதி கிளாஸ் காலியா இருக்கும். கைல ஏறிடுச்சுன்னா ஆயுசுக்கும் அண்ணன்தானே. இருபத்தொன்பது வயசுல ஒருத்தன் ஓடி ஒளியறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அகல்யாவின் காது மடல்கள் சிவந்தன. வரவில்லை என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டா… ஒளிந்துகொள்வதே ஓலை அனுப்புவதாகுமா?

சந்திரம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துபோய், தேம்பத் தொடங்கினாள்.

"ஊரு பேசுதுன்னு சொன்னதெல்லாம் சும்மாடி. எனக்குத்தான் பயம். நீ போயிட்டா வெங்கி படிப்பு என்னாகும், இந்தக் காலை வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்… பெத்தவ நினைக்கிற நினைப்பா இது? ஆனா நினைச்சிட்டேன்."

அகல்யா தாயின் அருகே மண்டியிட்டாள். "என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேம்மா. நான் எப்பம்மா உன்னை விட்டுட்டுப் போறேன்னு சொன்னேன்? கல்யாணம்னா பொறந்த வீட்டுப் பேரை அழிச்சிட்டுப் போறதுன்னு யாரு சொன்னா?"

"நல்லாக் கேளு," என்றார் உஷாராணி. "கல்யாணமாகி முப்பது வருஷம் என் சம்பளத்துல எங்கப்பாவுக்கு மணியார்டர் அனுப்பினவ நான். எங்க வீட்டுக்காரர் தடுத்துப் பாத்தார். ஒரு மாசம் பேசாம இருந்தேன். அப்புறம் அவரே ஃபாரம் வாங்கிட்டு வந்து குடுத்தார்."

சந்திரம்மாள் கண்ணீரோடு சிரித்தாள். தட்டில் இருந்த கயிற்றைத் தானே எடுத்து, மறுபடியும் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

"போயிட்டு வா," என்றாள். "குடை எடுத்துக்க."

மெட்ரோ முழுவதும் இனிப்புப் பெட்டிகளும் சகோதரிகளும் நிறைந்திருந்தார்கள். ராஜீவ் சௌக்கில் மாறி, கரோல் பாக்கில் இறங்கி, நடைபாதைக் கடைகளின் தார்ப்பாய்களுக்குக் கீழே நனைந்தபடி அவள் நடந்தாள். இடுப்பளவுக்கு இறக்கிய ஷட்டரைக் குனிந்து கடந்தாள். உள்ளே அரவை இயந்திரம் ஓடாமல் நின்றது. ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தவன் அவளைக் கண்டதும் துள்ளி எழுந்து, வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இவ்வளவு தூரம் வந்து கட்டணுமாங்க?"

அகல்யா இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். குடையைத் தவிர ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒரே ஒரு தம்பி இருக்கான். அது போதும்," என்றாள். பிறகு வழி நெடுகக் கோத்து வைத்த சொற்களை அவிழ்த்தாள். "முன்னாடியே சொல்லிடறேன். என் சம்பளத்துல பாதி எங்க வீட்டுக்குப் போகும். வெங்கி வேலைக்குப் போற வரைக்கும், அதுக்கப்புறமும் அம்மாவுக்கு. அம்மா என்கூடத்தான் இருப்பாங்க. ஹவுஸ் நடக்கிறப்ப வீட்டுக்கு வர ஒன்பது பத்து ஆகும். இதெல்லாம் கஷ்டம்னு தோணிச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மறைத்த கை மெல்ல முன்னால் வந்தது.

"எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு ஹீரோ மாதிரி சொல்லணும்னுதான் ஆசை. ஆனா இந்தக் கடை வாடகையே ஒவ்வொரு மாசமும் தள்ளித்தள்ளித்தான் குடுக்கறேன். பணம் குடுத்து உங்களைத் தாங்க என்னால ஆகாது. பதினோரு மணிக்கு மாத்திரை குடுக்க முடியும். நீங்க பத்து மணிக்கு வந்தா தோசை சுட முடியும். உங்க சம்பளம் உங்களோடது, அதுக்கு என்கிட்ட ஏன் பர்மிஷன் கேக்கறீங்க?"

மாளிகை தருகிறேன் என்றவர்களின் வசனங்களுக்கு மயங்கிய பெண்கள் உண்டு. அவளோ, மாத்திரை தருகிறேன் என்றவனிடம் மயங்கினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "தமிழ்ல அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"ஹிந்தியிலயே சொல்லுங்க."

"ஹிந்தியில சொன்னா சினிமாவா ஆயிடும். நீங்க சொல்லிக் குடுங்க."

அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள்.

"எனக்கு…"

"எனக்கு…"

"உங்களை…"

"உங்களை…"

மழை ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

"இருங்க. நீங்க சொன்னதை முதல்ல கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொண்டான். பிறகு அவள் விரல்களைத் தன் கைக்குள் எடுத்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னான்.